திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு ஓர் ஓவர்லாக் டெய்லர் எழுதும் மடல்

மதிப்புக்குரிய முதலாளிமார்களுக்கு,

வணக்கம்.

காங்கேயம் ரோட்டில் ஒரு கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு ஹெல்பராக, சேர்ந்தேன். மத்தியானச் சோற்று நேரத்தில் ஆளில்லாத மெஷினில் உட்கார்ந்து, துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் பழகினேன். அப்புறம் இருபது வருஷம் அந்த மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. உங்களில் மூன்று பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். பேர் சொன்னால் இரண்டு பேருக்காவது என் முகம் ஞாபகம் வரும். என்னைப் போல நிறையப் பேர் இருப்பதால் பேர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

2022 பிப்ரவரியில் எனக்கு வலது பக்க மார்பை எடுத்தார்கள். மார்பகப் புற்றுநோய். இந்த வார்த்தையை எழுதிப் பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. வீட்டில் இன்னும் 'அந்தக் கட்டி' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கோ மந்திரிக்கோ எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். வைத்தியத்தில் எனக்குக் குறை இல்லைங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் ஆனது, எட்டு கீமோ ஆனது, பதினைந்து நாள் கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். கைக்காசு போனது பஸ்ஸுக்கும், துணைக்கு வந்தவர்களின் நாள் சம்பளத்துக்கும்தான். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது கொடுத்த காகிதத்தில் கடைசி வரி, 'வழக்கமான வேலைகளைச் செய்யலாம்' என்று இருந்தது. என் வழக்கமான வேலை ஓவர்லாக். அதை எழுதிய டாக்டருக்கு ஓவர்லாக் என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸை ஒட்டி சைடு அடிப்பேன், பனியனின் பக்கவாட்டை மூட்டும் தையல். வலது கை பண்டலிலிருந்து பீஸை இழுக்கும், ஓரம் பார்த்துச் சேர்க்கும், ஊசிக்குக் கீழே தள்ளும், வெட்டி அந்தப் பக்கம் போடும். பண்டல் தீர்ந்தால் ஹெல்பர் வரும்வரை காத்திருக்காமல் நானே எழுந்து தூக்கி வருவேன். பீஸ் ரேட்டில் உட்கார்ந்தவள் காத்திருந்தால் சனிக்கிழமை சம்பளக் கவரில் தெரிந்துவிடும். தோள் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அசைகிறது என்று யாரும் எண்ணியதில்லை, நானும் எண்ணியதில்லை. அந்தத் தோளில்தான் கத்தி பட்டது.

மார்பை எடுக்கும்போது அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். எனக்குப் பதினாறு. நோய் அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் அகற்றவும் எடுப்பது. அந்த நெறிகட்டிகளுக்கு ஒரு வேலை உண்டு. கையிலிருந்து வடியும் நிணநீர் அவற்றின் வழியாகத்தான் உடம்புக்குத் திரும்புகிறது. காலிங்கராயன் வாய்க்காலில் ஓரிடத்தில் கரை சரிந்து அடைத்துக்கொண்டால் மேல்வயலில் எப்படித் தண்ணீர் தேங்குமோ, அப்படித்தான் கையில் நீர் தேங்குகிறது. டாக்டர்கள் இதை லிம்ஃபெடீமா என்கிறார்கள். அக்குள் நெறிகட்டிகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கைவீக்கம் வருகிறது. ஆபரேஷன் ஆன சில மாதங்களிலும் வரலாம், சில வருஷங்கள் கழித்தும் வரலாம். ஒரு தடவை வந்துவிட்டால் கட்டுக்குள் வைக்கலாமே தவிர முழுக்கப் போகாது. ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுக்குள் வைப்பது எளிது. இது எதுவும் எனக்கு அன்று தெரியாது.

ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். தலையில் முடி ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. சூப்பர்வைசர் தம்பி என் பழைய மெஷினையே கொடுத்தான். எண்ணெய் போட்டு, துடைத்து, சேரில் ஒரு குஷன்கூட வைத்திருந்தான். அந்தக் குஷனை நான் மறக்க மாட்டேன்.

முதல் நாள் மெஷினை மிதித்ததும் ஒன்று புரிந்தது. துணியின் ஓரம் என் விரலுக்குத் தெரியவில்லை. கீமோ மருந்துகளில் சில, விரல்நுனி நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறையும், சிலருக்கு நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு ரிப் துணிக்கும் ஜெர்சிக்கும் வித்தியாசம் சொல்லும் விரல்களாக இருந்தவை. இப்போது ஒவ்வொரு பீஸையும் குனிந்து பார்த்துப் பார்த்து அடித்தேன். ஆயிரம் அடித்த இடத்தில் நானூறு. ரேட் அதே ரேட்தான்.

மூன்றாவது வாரம் வலது கை வளையல் கழறவில்லை. சோப்புப் போட்டு இழுத்தும் வரவில்லை. அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு வந்திருந்தேன், அசதியில் வீங்கியிருக்கும் என்று படுத்துவிட்டேன். காலையில் ஜாக்கெட் கை ஏறவில்லை. முழங்கைக்கு மேலே தொட்டால் பஞ்சுமூட்டை மாதிரி இருந்தது, வலி இல்லை. மறதியில் இதே தப்பை இரண்டாம் தடவை செய்தேன். மார்பில் கட்டி தட்டுப்பட்டபோதும் வலி இல்லை என்றுதான் தீபாவளி போனஸ் வரைக்கும், அப்புறம் ஷிப்மெண்ட் வரைக்கும் என்று நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. இதைப் படிக்கும் அக்கா தங்கச்சிகள் யாராவது இருந்தால் இந்த ஒரு வரியை மட்டுமாவது பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சொல்லுங்கள்.

மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர். என் கையைப் பார்த்துவிட்டு அவருக்குக் கண் கலங்கியது. "அம்மிணி, உடம்பப் பாத்துக்கிட்டு வீட்டுல இருங்க. நல்லானதுக்கப்பறம் பாத்துக்கலாம்" என்று ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார். அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்த 'நல்லானதுக்கப்பறம்' என்ற வார்த்தையோடு என் வேலை போய்விட்டது. இது நல்லாகிற வீக்கம் இல்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தக் கையோடும் பார்க்கக்கூடிய வேலை அதே கம்பெனியில் எட்டு இடத்தில் இருந்தது என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் அன்று தோன்றவில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் போய்ச் சேர்ந்தேன். வேகமாக ஓட வேண்டும் என்று மெஷின்களில் ஊசிக்கு முன்னால் விரலைக் காக்க இருக்கும் கார்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனிகளில் ஆடிட் வரும் நாளில் மாட்டுவதும் போனதும் கழற்றுவதும் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பத்தாம் நாள் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கியது. டெய்லருக்கு ஊசி ஏறுவது பெரிய விஷயமா? இருபது வருஷத்தில் ஐந்தாறு தடவை ஏறியிருக்கிறது. மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பீஸை எடுப்போம். ஆனால் நெறிகட்டி எடுத்த கையில் அப்படி இல்லை. அந்தக் கைக்குள் கிருமி போனால் தடுக்க ஆளில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கை தோள்வரை சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. செல்லுலைட்டிஸ் என்ற வார்த்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவை இப்படி வரும்போதும் வீக்கம் இன்னும் கொஞ்சம் கூடும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது ஒரு சின்னப் பெண். 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீதியில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்காக வந்தவள். வாசலில் உட்கார்ந்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு யார்கிட்ட காட்டறீங்க?" என்று அவளாகவே கேட்டாள். யாரிடமும் இல்லை என்றேன். கையைத் தூக்கச் சொன்னாள். காதுவரைகூட வரவில்லை.

சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே நடக்கவிட வேண்டும். எட்டும் இடத்தில் நிறுத்தி, மூச்சை ஆழமாக இழுத்து விட வேண்டும். என்னிடம் மார்க்கிங் சாக் கட்டி இருந்தது. எட்டிய இடத்தில் ஒரு கோடு போடுவேன். ஒன்பது வாரத்தில் கோடு தலைக்கு மேலே ஒரு சாண் போனது. தேங்கிய நீரைத் தோலோடு மெதுவாகத் தள்ளிவிடும் ஒரு விதமான தடவலைச் சொல்லிக் கொடுத்தாள். அழுத்தித் தேய்க்கும் மசாஜ் இல்லை, பூனைக்குட்டியைத் தடவுகிற அளவுதான். கையின் சுற்றளவை வாரம் ஒரு தடவை அளக்கச் சொன்னாள். இன்ச் டேப் இருபது வருஷம் என் கழுத்திலேயே தொங்கிய சாமான். மணிக்கட்டு, முன்னங்கை, முழங்கைக்கு மேல் என்று இரண்டு கையிலும் ஒரே இடத்தில் அளந்து நோட்டில் எழுதினேன். இரண்டு கைக்கும் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் காட்ட வேண்டும் என்பது கணக்கு. எனக்கு நான்கரை இருந்தது. அப்புறம் ஒரு நிபுணரிடம் அனுப்பினாள், சில வாரம் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கிய பின் கையை இறுக்கிப் பிடிக்கும் ஸ்லீவ் போடச் சொன்னார்கள். இப்போது ஒன்றரை சென்டிமீட்டர். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அது ஆஸ்பத்திரிகளிடம் கேட்க வேண்டியது, கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

மறுபடி வேலைக்கு வரும் பெண்ணை அதே மெஷினில் உட்கார வைக்காதீர்கள், வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் கம்பெனிக்குள்ளேயே எத்தனை வேலை இருக்கிறது. பிசிறு வெட்டலாம், செக்கிங்கில் உட்காரலாம், டேக் மாட்டலாம், சாம்பிள் தைக்கலாம், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மெஷின் பழக்கலாம். இருபது வருஷ டெய்லரின் கண்ணுக்கு டேமேஜ் பீஸ் தப்பாது. முதல் மூன்று மாதம் அரை ஷிப்ட் கொடுங்கள், பீஸ் ரேட் வேண்டாம், நாள் கணக்கில் கொடுங்கள். அயர்னிங் பக்கம் மட்டும் விடாதீர்கள், ஆவியும் சூடும் வீக்கத்தைக் கூட்டும். செக்கிங் டேபிளில் நிற்க வைக்காமல் ஸ்டூல் போடுங்கள். 2021-ல் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய ஊர் நம் தமிழ்நாடு. அது கம்பெனிகளுக்குச் சொன்னது இல்லைதான், ஆனாலும் அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும். மெஷின் கார்டைக் கழற்றாதீர்கள். இது எங்களுக்கு மட்டுமில்லை, ஃப்ளோரில் இருக்கும் அத்தனை பேருக்கும்.

கையை ஆட்டவே கூடாது, சுமை தொடவே கூடாது என்று இரக்கத்தோடு சொல்வீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 2009-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கைவீக்கம் உள்ள 141 பெண்களைச் சேர்த்து, அதில் ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. தொந்தரவு வந்து படுத்த தடவைகள் அவர்களிடம்தான் குறைவு, கைக்குப் பலமும் வந்தது. மெதுவாக ஏற்ற வேண்டும், ஸ்லீவ் போட்டிருக்க வேண்டும், பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் வாரமே ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய நானும் தப்பு, இனி எதுவுமே வேண்டாம் என்று அனுப்பியதும் தப்பு.

அப்புறம் ஈ.எஸ்.ஐ., தொழிலாளிகளுக்கான அரசுக் காப்பீடு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் நான் இழந்தது அதிகம். ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளிக்குச் சாதாரண நோய் என்றால் வருஷத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் வந்தால் அந்த 91 நாளுக்குப் பிறகு 80 சதவீதம், இரண்டு வருஷம் வரைக்கும். அந்தப் பணத்தை நாங்கள் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் கூடாது. என் ஏழு மாத கீமோ, கரண்ட் காலம் முழுவதும் ஏறத்தாழ முக்கால் சம்பளம் வீட்டுக்கு வந்திருக்கும். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருஷம் பேக்கிங் செக்ஷனுக்குப் போக வேண்டி வந்திருக்காது.

ஏன் வரவில்லை? அந்த 80 சதவீதம் கிடைக்க இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்துக்குள் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நான் அந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருந்தது ஆறு வருஷம். ஆனால் என் பேர் கம்பெனிக் கணக்கில் இல்லை, காண்ட்ராக்டர் கணக்கில் இருந்தது. அவர் சில மாதம் கட்டியிருக்கிறார், சில மாதம் விட்டிருக்கிறார், நடுவில் ஒரு தடவை வேறு பேரில் யூனிட் மாற்றியிருக்கிறார். நம்பரைக் கொண்டுபோய்க் காட்டியபோது கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரில் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். "தொடர்ச்சி இல்லீங்களே" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

உங்கள் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவள், யார் கணக்கில் இருந்தாலும் அவள் சந்தா தொடர்ச்சியாகப் போகிறதா என்று மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், எங்கள் பங்கு 0.75 சதவீதம். இதற்குப் புதிதாக ஒரு ரூபாய் செலவு இல்லை, ஏற்கெனவே கட்ட வேண்டியதுதான். ஃபேக்டரி ஆபீஸில் ஒரு பிள்ளை, 'இந்த நோய்க்கு இந்தப் படிவம்' என்று எழுதிக் கொடுக்கத் தெரிந்தவளாக இருந்தால் போதும். நோயோடு இருப்பவளுக்கு அந்தப் படிவத்தைத் தேடி அலையத் தெம்பு இருக்காது.

இன்னொன்று, கேட்டில் நடப்பது. சாயங்காலம் வெளியே போகும்போது செக்யூரிட்டி அம்மா உடம்பைத் தடவிப் பார்ப்பாரே, அது. மார்பு இருந்த இடத்தில் துணி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் அந்த அம்மா கை பட்டு, "உள்ளே என்ன?" என்று கேட்டுவிட்டார். பின்னால் நாற்பது பேர். அவர் வேலையை அவர் செய்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் எதுவும் வைக்காமல், துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டு போனேன். எங்களைப் போன்றவர்களைத் தடவாமல் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் முடிந்தது.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது. இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் நம் ஊரிலிருந்து போகிறது. உலகத்தில் எந்த ஊர்ப் பெண்ணின் உள்ளாடையையும் பிரித்துப் பார்த்தால் எந்த மெஷினில் எந்தத் தையல் என்று நம்மால் சொல்ல முடியும். அக்டோபர் மாதத்து மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடைகளுக்காக ரிப்பன் பிரிண்ட் போட்ட பிங்க் டி-ஷர்ட் ஆர்டர் வரும், நானே இரண்டு சீசன் சைடு அடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மார்பை எடுத்த ஒருத்தி போடுவதற்கு ஒரு பிரா எனக்குக் கிடைக்கவில்லை. காதர்பேட்டை முழுக்கச் சுற்றினேன். அப்படி ஒன்று இருப்பதே கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை.

நானே தைத்தேன். கட்டிங் வேஸ்ட்டை உருட்டி வைத்தால் எடை இல்லாமல் மேலே ஏறிவிட்டது. ஒரு பக்கம் பாரமும் ஒரு பக்கம் வெறுமையுமாக இருந்தால் தோள் சாய்ந்து முதுகு பிடித்துக்கொள்ளும், அதனால் எடை முக்கியம். சின்னத் துணிப்பையில் இரண்டு கைப்பிடி கேழ்வரகு போட்டுத் தைத்து உள்ளே வைத்தேன். எடை சரியாக வந்தது. நம் ஊர் வேர்வையில் நாலு நாளில் மக்கிய வாடை அடித்தது. வாரம் ஒரு தடவை கேழ்வரகு மாற்றினேன். சிலிக்கானில் செய்தது கிடைக்கும் என்று அப்புறம் தெரிந்தது, விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்லீவும் அப்படித்தான். தோளிலிருந்து மணிக்கட்டுவரை இறுக்கமாகப் பிடிக்கும் கையுறை. பகலெல்லாம் போட்டிருக்க வேண்டும், ராத்திரி கழற்றலாம். துவைத்துப் போட இரண்டு வேண்டும், ஆறு மாதத்தில் இறுக்கம் போய்விடும், புதிது வாங்க வேண்டும். நான் வாங்கிய ஒன்று என் ஒரு வாரச் சம்பளத்தைவிட அதிகம். வெளிநாட்டில் செய்தது. பிரித்துப் பார்த்தேன், நைலானும் லைக்ராவும்தான்.

சும்மா இறுக்கமாகத் தைத்துவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். மணிக்கட்டில் அழுத்தம் அதிகமாக இருந்து மேலே போகப் போகக் குறைய வேண்டும். மாறிப்போனால் நீர் கீழேயே தேங்கி கெடுதல் ஆகும். இத்தனை அழுத்தம் என்று அளவு வைத்து வகை பிரித்திருக்கிறார்கள், ஜெர்மனிக்காரர்களின் அளவில் முதல் வகை 15 முதல் 21 வரை, இரண்டாம் வகை 23 முதல் 32 வரை, பிரஷர் பார்க்கும் அதே பாதரசக் கணக்கில். யாருக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைப் பின்னி, அளந்து, சரிபார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. 1956-லிருந்து கோயமுத்தூரில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருத்துவத் துணிகளுக்கென்றே அங்கே தனி மையம் வைத்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்து ஆர்டர் எல்லாம் நின்றபோது சில வாரத்தில் இந்த ஊர் மாஸ்க்குக்கும் பிபிஇ கிட்டுக்கும் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன், தைத்தும் இருக்கிறேன். ஆரம்பத்தில் அந்தத் துணியைச் சோதித்துச் சான்று கொடுத்தது சிட்ராதான். ஒரு மாதத்தில் அதைச் செய்தவர்கள் நீங்கள். மூட்டுத் தையல் இல்லாமல் பின்னும் சீம்லெஸ் மெஷின் வைத்திருப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள்.

2025-ல் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியபோது எத்தனை மெஷின் சும்மா நின்றது என்று எனக்குத் தெரியும். ராத்திரி தூங்காத முதலாளிகளையும் தெரியும். இந்த நேரத்தில் தர்மம் கேட்டு எழுதவில்லை. 2022-ல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. வருஷா வருஷம் இப்படித்தான் சேர்கிறார்கள். அத்தனை பேருக்கும் மார்பை எடுப்பதில்லை, அத்தனை பேருக்கும் கை வீங்குவதில்லை, ஆனாலும் வாங்க ஆள் இருக்கிறது. அடக்க விலைக்குப் பக்கத்தில் கொடுத்தால்கூட இது நஷ்டம் இல்லாத சரக்கு. அரசு ஆஸ்பத்திரிகள் மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்க, முதலில் விலை சொல்ல ஒரு உள்ளூர் சரக்கு இருக்க வேண்டும். யானைக்கால் நோயாளிகளுக்குக் காலைக் கழுவிப் பராமரிக்க அரசு சாமான் பெட்டியே கொடுக்கிறது. அதுவும் நிணநீர் வீக்கம்தான், எங்களுக்குக் காலுக்குப் பதில் கை.

இந்த மடலை எழுதச் சொன்னது நான் மட்டுமில்லை. கோயமுத்தூருக்கு ரிவ்யூவுக்குப் போகும் காலை பஸ்ஸில் பழக்கமாகி இப்போது பதினோரு பேர் இருக்கிறோம். இரண்டு பேர் பனியன் கம்பெனி. ஒரு அக்கா பவானியில் ஜமுக்காளத் தறி. ஒருத்தி சென்னிமலையில் பெட்ஷீட் தறி. சத்தியமங்கலத்தில் விடியக்காலம் மல்லிகை பறிப்பவர் ஒருவர். பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரி ஒருத்தி. மற்றவர்கள் மாட்டைக் கட்டிப் பால் கறப்பவர்கள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள். யோசித்துப் பார்த்தால் கையால் பிழைக்காதவர் அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இல்லை. அவரவர் சோற்றுப்போசியைத் திறந்து பங்கு போட்டுக்கொள்ளும்போது ஆஸ்பத்திரியில் கேட்க முடியாததையெல்லாம் கேட்டுக்கொள்வோம். நோய் திரும்ப வராமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையால் உடம்பு திடீரென்று தீயாகக் கொதிப்பது, விரல் மூட்டுகள் காலையில் மடங்காமல் போவது, வீட்டுக்காரர் பேசாமல் திரும்பிப் படுப்பது. அந்த மாத்திரை ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம். யாராவது ஒருவர் இதைத் தாண்டி வந்திருப்பார், அவர் சொல்வார்.

அந்த மாதிரிப் பேச்சு உங்கள் கம்பெனிக்குள்ளும் வேண்டும். நான் திரும்பிப் போன அந்த ஒரு மாதத்தில் செக்கிங்கில் இருந்த ஒரு பெண் பாத்ரூம் பக்கம் என்னை ஒதுக்கிக் கூட்டிப் போய், தனக்கும் ஒரு கட்டி இருக்கிறது என்று காட்டினாள். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளை, பாதி சைகைதான். கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சாதாரணக் கட்டி என்று சொல்லி அனுப்பினார்கள், அன்று அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. நான் அந்த ஃப்ளோரில் இல்லாமல் இருந்திருந்தால் அவள் யாரிடம் காட்டியிருப்பாள்?

பதினோரு பேரின் கை அளவும் என் நோட்டில் இருக்கிறது. மணிக்கட்டு, முன்னங்கை, முழங்கை, மேல்கை, அக்குள்வரை நீளம், இரண்டு கைக்கும். பிராவுக்கு ஒரு பேட்டர்ன் பேப்பரில் வெட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஹூக், பின்னால் கை போகாது. தோள்பட்டை அகலம். கீழே இரண்டு இன்ச் எலாஸ்டிக். உள்ளே காட்டன் ஜெர்சியில் இரண்டு பக்கமும் பாக்கெட். தழும்பில் உரசாமல் இருக்க எல்லா ஜாயிண்டும் தட்டையாகப் படியும் ஃப்ளாட்லாக் தையல், லேபிள் தைக்காமல் பிரிண்ட். சிசர் பிடித்தால் சீக்கிரம் கை ஓய்ந்துவிடும், அதனால் வெட்ட மட்டும் ஒரு கட்டிங் மாஸ்டர் வேண்டும். உங்களில் யாராவது ஒருவர் சாம்பிள் செக்ஷனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் இடம் கொடுத்தால், நோட்டையும் பேட்டர்னையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு காலை எட்டரைக்கெல்லாம் கேட்டுக்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து
ஓர் ஓவர்லாக் டெய்லர்